வண்டி வாங்கும் சங்கம் பழுது காணவும் கற்க வேண்டும்

சங்கத்திற்குப் புதிய இயந்திரம் ஒன்று வந்து இறங்கினால் நாம் அதனைச் சிறப்பாகவே வரவேற்கிறோம். சந்தனமும் குங்குமமும் இடுகிறோம், மாலை சூட்டுகிறோம், சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம், நிர்வாகக் குழுவினர் அருகில் நிற்கப் படமும் எடுத்துக்கொள்கிறோம். அந்த இயந்திரம் முதன்முறையாக நின்றுவிடும் நாள் ஒன்று வரும் என்பதை மட்டும் அன்று எவரும் நினைப்பதில்லை. நின்ற பிறகோ தார்ப்பாய் போர்த்தி மூலையில் தள்ளிவிட்டு, எங்கோ தொலைவிலுள்ள நகரத்திலிருந்து வரவேண்டிய மெக்கானிக்குக்காக வழிபார்த்திருக்கிறோம். அவர் வந்து கால்மணி நேரத்தில் ஒரு திருகை முறுக்கிவிட்டுப் போகிறார். அதற்குள் உறுப்பினர்களின் மூட்டைகள் எத்தனை நாள் முற்றத்தில் கிடந்தன என்று கணக்குப் பார்ப்பார் இல்லை.

மின்சாரத்தால் இயங்கும் போர்க்லிப்ட் வண்டியை முன்வைத்து இக்கருத்தைச் சிறிது விரிவாகப் பேச விரும்புகிறோம். கிடங்குகளில் மரத்தட்டின் மேல் அடுக்கிய மூட்டைகளை இரண்டு இரும்புக் கவைகளால் அடியிலிருந்து தாங்கி உயர்த்தும் வண்டி அது. புகை இல்லை, பெரும் இரைச்சல் இல்லை, மூடிய கிடங்கிற்குள்ளும் ஓட்டலாம். ஆனால் அதன் பழுதுகள் பெரும்பாலும் மின்சாரப் பழுதுகள். கண்ணுக்குத் தெரியாதவை என்று கருதி மக்கள் அஞ்சுபவை. அந்த அச்சம் தேவையற்றது என்பதும், அதனைப் போக்குவது கூட்டுறவுச் சங்கத்தின் கடமை என்பதும் எமது கருத்து.

மலைமேல் இருப்போர்க்கு இப்பேச்சு எதற்கு?

வாசலூர்பட்டியில் அமர்ந்துகொண்டு போர்க்லிப்டைப் பற்றி எழுதுவானேன் என அன்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அவ்வண்டிக்குச் சமதளமான, உறுதியான சிமெண்டுத் தளம் வேண்டும். மேடும் பள்ளமுமான மலைப்பாதையில் அது உதவாது; சரிவில் சுமையோடு திருப்பினால் கவிழும். கொல்லிமலையில் சிறிய கொள்முதல் நிலையத்திற்குக் கையால் தள்ளும் தட்டுவண்டியே போதும் என்று நாமே சொல்லுவோம்.

ஆயினும் நம் விளைபொருள்கள் மலையோடு நிற்பவை அல்ல. நம் மிளகும் காபியும் காரவள்ளிச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சமவெளிக் கிடங்குகளுக்குச் செல்கின்றன. மரவள்ளிக் கிழங்கு நாமக்கல், சேலம் மாவட்டங்களின் ஜவ்வரிசி ஆலைகளுக்குச் சென்று மாவாகவும் ஜவ்வரிசியாகவும் மாறி மீண்டும் மூட்டைக்குள் புகுகிறது. அம்மூட்டைகளைச் சேமித்து விற்றுத்தரச் சேலத்தில் 1981-ஆம் ஆண்டு சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கமே அமைந்தது. நெசவாளர்களின் நூற்பொதிகளும் இவ்வாறே கிடங்குகளில் ஏறி இறங்குகின்றன. எங்கே மூட்டை ஏறி இறங்குகிறதோ அங்கே, இன்றில்லாவிட்டால் நாளை, இவ்வண்டி வந்து நிற்கும். அது நின்றுபோனால் நட்டம் அந்தக் கிடங்கோடு முடிவதில்லை. மலைமேல் இருக்கும் விவசாயியின் கணக்கிலும் வந்து விழும்.

மற்றொரு காரணமும் உண்டு. மலையில் வாழ்வோர்க்கு மெக்கானிக்கைக் கூப்பிடுவது எளிய செயல் அன்று. அழைத்தவுடன் வருவார் இலர்; வந்தாலும் ஏறி இறங்கும் செலவே பழுது நீக்கும் கூலியை விஞ்சிவிடும். ஆகையால், ‘பழுதைக் கண்டறியும் அறிவு எங்கே இருக்கிறது?’ என்ற வினா மற்றவர்களைக் காட்டிலும் நமக்கு மிக நெருங்கியது.

முதுகுகளின் கணக்கு

இவ்வண்டியை வேண்டாம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. 50 கிலோ மூட்டையை நாளெல்லாம் முதுகில் சுமந்து அட்டி அடுக்கும் தொழிலாளர் நம் உறவினர்களே. பன்னாட்டுத் தொழில் அமைப்பு 1967-ஆம் ஆண்டிலேயே, வயதுவந்த ஆடவர் ஒருவர் கையால் தூக்கும் சுமை 55 கிலோவை விஞ்சலாகாது என்று பரிந்துரைத்தது. நம் நாட்டில் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்தது 2018-இல்தான். அந்த 5 கிலோவின் அருமை சுமந்தவர்க்கே தெரியும்.

வண்டி வந்தால் சுமை தூக்குவோரின் பிழைப்புப் போகும் என்ற அச்சமும் பொய்யன்று. அதற்கு விடை ஒன்றுதான்: வண்டியை ஓட்டும் வேலையும், அதன் பழுதைக் காணும் வேலையும் முதலில் அவர்களுக்கே, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியவை என்று சங்கம் தீர்மானம் செய்யவேண்டும். அறிவு வெளியூரில் இருக்க, வண்டி மட்டும் உள்ளூருக்கு வந்தால், முதுகு தப்பும், வயிறு தப்பாது.

வண்டிக்குள் என்ன இருக்கிறது?

இது நேற்றுப் பிறந்த மாயம் அன்று. ஈய–அமில பேட்டரியைப் பிரெஞ்சு நாட்டு அறிஞர் பிளாந்தே 1859-இல் உருவாக்கினார். அமெரிக்காவில் அல்டூனா என்னும் ஊரில் 1906-ஆம் ஆண்டிலேயே ரயில் பயணிகளின் பெட்டிகளைச் சுமக்கப் பேட்டரி வண்டிகள் ஓடின. நூறாண்டைக் கடந்த ஒரு பொருளைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை.

ஏரிப் பாசனம் தெரிந்தவர்க்கு இவ்வண்டியின் அமைப்பு உடனே விளங்கும். பேட்டரி ஏரி போன்றது. தடித்த ஒயர்கள் வாய்க்கால்கள். காண்டாக்டர் என்பது மதகு. சாவியைத் திருப்பியவுடன் ‘டக்’ என்ற ஓசையோடு மூடிக்கொண்டு மின்சாரத்தை உள்ளே விடும். கண்ட்ரோலர் என்பது எவ்வளவு விடலாம் என்று அளந்து விடும் நீர்க்காவலர். வயல்கள் இரண்டு: சக்கரத்தைச் சுழற்றும் மோட்டார் ஒன்று; எண்ணெயை அழுத்திக் கவையை உயர்த்தும் பம்பு மோட்டார் மற்றொன்று. இது பெரிய வழி.

சிறிய வழி ஒன்றும் உண்டு. சாவி, இருக்கையின் அடியிலுள்ள சுவிட்சு, கைப்பிரேக் சுவிட்சு, முன்–பின் நெம்புகோல், மிதி ஆகியவற்றிலிருந்து மெல்லிய ஒயர்கள் கண்ட்ரோலருக்குச் செல்கின்றன. இவை நீர்க்காவலருக்குச் செல்லும் ஆணைகள். ஆணை போய்ச் சேராவிட்டால் ஏரி நிறைந்திருந்தும் வயல் காயும். ஓட்டுநர் இருக்கையில் சரியாக அமராமையாலும், நெம்புகோலை நடுநிலையில் வைக்காமல் சாவியைத் திருப்பியதாலும் வண்டி நகர மறுப்பதுண்டு. அது பழுது அன்று, காவல்.

வயல் காய்ந்தால் விவசாயி என்ன செய்கிறார்? ஏரியைத் தூர்வாரப் புறப்படுகிறாரா? மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலோடு நடக்கிறார். நீர் எந்த இடம் வரை வந்திருக்கிறது, எந்த இடத்தில் நின்றது என்று பார்க்கிறார். துணியில் குறை விழுந்தால் நெசவாளி தறியை மாற்றுகிறாரா? அறுந்த இழையைப் பற்றி, அச்சிலா, விழுதிலா, பாவிலா என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் செல்கிறார். மின்சாரப் பழுது காண்பதும் இவ்விரு தொழிலாளரும் நாள்தோறும் செய்யும் காரியமே. மண்வெட்டிக்குப் பதில் மல்டிமீட்டர், வேறுபாடு அவ்வளவுதான்.

முறை என்பது வரிசை

எதனைத் தொடுவதற்கு முன்னும் சில ஒழுங்குகள் உண்டு. கவையைத் தரைக்கு இறக்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டுப் பேட்டரியின் பெரிய பிளக்கைக் கழற்ற வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம், வளையல், இரும்பு அரைஞாண் எதுவும் உடலில் இருத்தலாகாது. 48 வோல்ட் தானே என்று அலட்சியம் செய்வோர் உளர். அந்தப் பேட்டரியின் இருமுனைகளுக்கு இடையே ஒரு ஸ்பேனர் விழுந்தால் அது வெல்டிங் கம்பிபோல் பழுத்துவிடும். கண்ட்ரோலருக்குள் இருக்கும் கப்பாசிட்டர் பிளக்கைக் கழற்றிய பின்னும் சிறிது நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். வண்டியின் கையேடு சொல்லும் நேரம் வரை பொறுத்திருத்தல் வேண்டும். மீண்டும் மின்சாரம் கொடுத்துச் சோதிக்கும்போது ஓட்டுசக்கரம் தரையைத் தொடாதவாறு வண்டியை உறுதியான கட்டைகளின் மேல் நிறுத்த வேண்டும்.

அதன்பின் வரிசை. முதலில் ஓட்டியவரைக் கேட்க வேண்டும்: எப்போது நின்றது, சுமை இருந்ததா, மழையில் நனைந்ததா, முன்பு இப்படி நின்றதுண்டா? இரண்டாவது, கண்ணாலும் மூக்காலும் பார்க்க வேண்டும்: கருகிய மணம், பச்சை பூத்த முனை, எலி கடித்த ஒயர். மூன்றாவது, கண்ட்ரோலரின் சிறு விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்பதை, சாவியைத் திருப்பி அணைப்பதற்கு முன், எழுதிக்கொள்ள வேண்டும். அல்லது திரையில் தோன்றும் எண்ணைக் குறிக்க வேண்டும். நான்காவது, பேட்டரியை அளக்க வேண்டும். ஐந்தாவதாகவே ஒயரையும் சுவிட்சையும் மோட்டாரையும் அளக்கச் செல்லவேண்டும். நம் கிடங்குகளில் நடப்பதோ தலைகீழ். கண்ட்ரோலர் போய்விட்டது என்ற தீர்ப்பு முதலில் பிறக்கிறது. வண்டியின் உறுப்புகளில் விலை மிகுந்தவற்றுள் ஒன்று அது. மாற்றிய பிறகும் வண்டி ஓடாதபோதுதான், பழைய கண்ட்ரோலரில் குறை இல்லை என்பது தெரிகிறது.

சிமிட்டும் விளக்கைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. அது பழுது எந்தப் பக்கம் என்று காட்டுமே அன்றிப் பழுதான பொருளை உறுதியாகக் காட்டாது. மிதியில் குறை என்று எண் சொன்னால், மிதி கெட்டிருக்கலாம். மிதிக்குச் செல்லும் ஒயர் அறுந்துமிருக்கலாம். மிளகுக் கொடியின் இலை மஞ்சளித்தால் இலையிலா நோய்? வேரைத் தோண்டிப் பார்ப்பவரே விவசாயி.

அடிக்கடி நிகழும் நான்கு

ஒன்று: வண்டி ஓடுகிறது, ஆனால் கவை உயரவில்லை. பம்பு மோட்டார் எரிந்துவிட்டது என்று கழற்றத் தொடங்குகிறார்கள். பல வண்டிகளில் பேட்டரியின் இருப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தவுடன் தூக்கும் வேலை தானே நின்றுவிடும். சார்ஜர் இருக்கும் இடம் வரை ஓடிச்செல்ல மட்டும் அனுமதி இருக்கும். அது பேட்டரியைக் காக்கும் ஏற்பாடு. சார்ஜ் செய்தால் பழுது தானே மறையும்.

இரண்டு: காலையில் நன்றாக இருக்கிறது, நண்பகலுக்குள் சோர்ந்துவிடுகிறது. 48 வோல்ட் பேட்டரியில் 2 வோல்ட் செல்கள் 24 வரிசையாக இணைந்துள்ளன. கைகோத்து நிற்கும் 24 பேரில் ஒருவர் தளர்ந்தாலும் வரிசை தளரும். சுமையோடு இயக்கி ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளக்க வேண்டும். மற்றவை 1.9 வோல்ட்டில் நிற்க, ஒன்று மட்டும் 1.5-க்கு இறங்கினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார். ஹைட்ரோமீட்டரும் இதனையே சொல்லும்: முழுதும் நிறைந்த செல்லின் அமில அடர்த்தி ஏறத்தாழ 1.280, நன்கு வடிந்ததில் 1.150-ஐ ஒட்டியிருக்கும். எல்லாச் செல்களும் ஒன்றுபோலத் தாழ்ந்திருந்தால் குறை பேட்டரியில் இல்லாமல் சார்ஜரிலோ, மின்வாரிய இணைப்பில் வரும் குறைந்த அழுத்தத்திலோ இருக்கலாம். மலைப்பகுதிகளிலும் கடைக்கோடி ஊர்களிலும் இதனை முதலில் ஐயுறுதல் நலம்.

மூன்று: அளந்தால் வோல்ட் சரியாக இருக்கிறது, வேலை செய்தால் இழுக்கவில்லை. இது பலரை ஏமாற்றும் பழுது. தளர்ந்த அல்லது உப்புப் பூத்த ஓர் இணைப்பில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை ஏற்பட்டதாகக் கொள்வோம். வண்டி சும்மா நிற்கும்போது அத்தடை தெரியவே தெரியாது. 200 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே இடத்தில் 2 வோல்ட் வீணாகும். 400 வாட் வெப்பம் பிறக்கும். வீட்டு இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஏறக்குறையப் பாதி, ஒரு கட்டைவிரல் அளவு இடத்தில்! முதலில் இணைப்பு கருகும், பிறகு ஒயரின் உறை உருகும், அதன்பின் நெருப்பு. ஆகவே அழுத்தத்தை வண்டி நிற்கும்போது அளப்பது போதாது; சுமையோடு இயங்கும்போது இணைப்பின் இருபுறமும் அளக்க வேண்டும். ஒரு ஸ்பேனரும் ஒரு கம்பித் தூரிகையும் தீர்க்கக்கூடிய பழுது இது.

நான்கு: சில நேரம் ஓடுகிறது, சில நேரம் நிற்கிறது. கவை ஏறி இறங்கும் கம்பத்திலும், வண்டி திரும்பும் இடத்திலும் ஒயர்கள் ஓயாது மடங்குகின்றன; உறை முழுமையாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருக்கும். பெரிய பிளக் கழற்றியிருக்கும்போது ஐயத்திற்குரிய ஒயரின் இருமுனைகளுக்கும் இடையே மீட்டரை வைத்து, ஒயரை மெல்ல அசைத்துப் பார்த்தால் முள் துள்ளும் இடமே பழுதின் இடம். எலியின் வேலையும் இதில் அடங்கும். தானியம் உள்ள கிடங்கில் எலி இல்லாதிருக்குமா? மழைக்காலத்தில் மூடுபனி இறங்கும் நம் மலைபோன்ற இடங்களில் பிளக்குகளின் பித்தளை முனைகளில் ஈரம் படிந்து களிம்பு பிடிக்கும். நூற்கிடங்கிலோ பஞ்சுத் தூசி மோட்டாரிலும் காண்டாக்டரிலும் படிந்து, ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் நிலையில் காத்திருக்கும். பேட்டரியின் மேற்புறத்தில் அமிலம் கசிந்து ஈரமாகக் கிடந்தால், அதன் வழியே மின்சாரம் வண்டியின் இரும்புச் சட்டத்திற்குக் கசிந்து, காரணம் விளங்காத பல குறும்புகளைச் செய்யும். பிளக்கைக் கழற்றி, செல் மூடிகளை இறுக மூடி, சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, நல்ல நீரால் கழுவி உலர்த்தினால் அக்குறும்பு அடங்கும்.

மன்னிக்க முடியாத சில பழக்கங்கள்

வீட்டில் பியூஸ் போனால் கையில் கிடைத்த கம்பியை முறுக்கிக் கட்டுவது நம் ஊர்ப் பழக்கம். அதனை இவ்வண்டியிலும் செய்வது தீயை அழைத்து விருந்து வைப்பதாகும். பியூஸ் போனால் அதே அளவுள்ள புதிய பியூஸை ஒருமுறை போடலாம். மறுபடியும் போனால் நிறுத்திவிட்டுக் காரணம் தேட வேண்டும்.

இதனினும் கொடியது, இருக்கைச் சுவிட்சை ஒரு துண்டு ஒயரால் ‘நேராக்கி’ விடுவது. வேலை அவசரம், சுவிட்சு கிடைக்கவில்லை, இரண்டு நாளைக்குத்தானே என்று தொடங்குகிறது. அந்த இரண்டு நாள் இரண்டு ஆண்டாகிறது. ஓட்டுநர் இறங்கி நிற்கும்போது எவரோ நெம்புகோலைத் தட்டுகிறார். சில டன் எடையுள்ள வண்டி சுவருக்கும் தனக்கும் இடையே ஒரு மனிதரை நெரிக்கிறது. சுவிட்சின் விலை என்ன? அந்த மனிதரின் விலை என்ன? காவல் சுவிட்சை நேராக்கி வண்டி ஓட்ட ஆணையிடும் செயலாளர் எவராயினும், அவர் சங்கத்தின் அவசரத்தைக் காட்டிலும் ஓர் உயிர் மலிவு என்று எழுதிக் கையொப்பமிட்டவர் ஆவார். இதில் நாம் எவ்விதத் தளர்வையும் ஏற்பதற்கில்லை.

பேட்டரிக்கு வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். சார்ஜ் முடிந்த பின்னரே நிரப்ப வேண்டும். நம் மலைச்சுனை நீர் குடிப்பதற்கு அமுதம். ஆனால் பாறையிலிருந்து கரைந்த உப்புகள் அதில் உண்டு. பேட்டரிக்கு அது நஞ்சு. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே வெடிக்கவல்லது. அவ்விடத்தில் பீடி பற்றவைப்பவரை எந்த மரியாதையும் பாராமல் வெளியேற்ற வேண்டும்.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் அறிவின் ஒரு பகுதியே. கண்ட்ரோலரின் உட்புறம், சார்ஜரின் உட்புறம், புதுவகை லித்தியம் பேட்டரியின் உட்புறம் ஆகிய மூன்றும் உள்ளூரில் திறக்கத்தக்கவை அல்ல. அவற்றுக்குக் கம்பெனி ஆளையே அழைக்கலாம். ஆனால் ‘வண்டி ஓடவில்லை, வாருங்கள்’ என்று சொல்லி அழைப்பதற்கும், ‘பேட்டரி சரி, பியூஸ் சரி, காண்டாக்டர் மூடுகிறது, மோட்டார் முனைக்கு அழுத்தம் வரவில்லை’ என்று சொல்லி அழைப்பதற்கும் எவ்வளவு வேறுபாடு! இரண்டாவது அழைப்பைக் கேட்டவர் தேவையான பொருளைக் கையோடு எடுத்துவருவார். தேவையற்ற பொருளை நம் தலையில் கட்டவும் தயங்குவார்.

கல்வி நிதி எதற்கு?

கூட்டுறவு இயக்கத்தின் மூத்தோராக நாம் போற்றும் ராச்டேல் முன்னோடிகளுள் நெசவாளர்களும் இருந்தனர். 1844-இல் கடை திறந்த அந்த 28 பேர் தொடங்கிய சங்கம், பத்தாண்டுக்குப் பின் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கிற்று. பங்கு ஈவைக் காட்டிலும் அறிவே சங்கத்தை நிலைநிறுத்தும் என அவர்கள் உணர்ந்திருந்தனர். நம் நாட்டில் 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1935-இல் கைத்தறி நெசவாளர்க்கெனக் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது. இன்றைய தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சட்டமும் நிகர இலாபத்தில் ஒரு பகுதியைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்கு அளிக்குமாறு சொல்கிறது.

கல்வி என்றவுடன் கூட்டமும் கொடியேற்றமும் சொற்பொழிவும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றை நாம் பழிக்கவில்லை. ஆனால் உறுப்பினர்களின் பணத்தால் வாங்கிய இயந்திரத்தை உறுப்பினர்களின் பிள்ளைகளே செப்பமாக வைத்துக்கொள்ளக் கற்பது கூட்டுறவுக் கல்வி ஆகாதா?

இது கைகூடாத கனவென்று சொல்வதற்கில்லை. சாமையையும் தினையையும் உரலில் இட்டு உலக்கையால் குற்றிக் கை காய்த்துப்போனவர்கள் கொல்லிமலைப் பெண்கள். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு சிறுதானிய அரவை இயந்திரங்கள் இம்மலைக்கு வந்தன; அவற்றை ஏற்று நடத்தியவை ஊர்ச் சுயஉதவிக் குழுக்களே. இயந்திரத்தைக் கொடுத்தால் மலைமக்கள் என்ன செய்வார்கள் என்று ஐயுறுவோர்க்கு அதுவே விடை.

நாம் வேண்டுவன

சங்கங்களின் பேரவைக் கூட்டத்தில் உறுப்பினர்கள் ஐந்து செய்திகளை வற்புறுத்த வேண்டும் என்பது எமது வேண்டுகோள்.

முதலாவது, வண்டி வாங்கும் ஒப்பந்தத்திலேயே ஒயர்ப் படமும், பழுது எண்களின் பட்டியலும் தமிழில் தரப்படவேண்டும் என எழுதிக்கொள்ள வேண்டும். பணம் கொடுக்கும் முன் கேட்டால் கிடைக்கும்; கொடுத்த பின் கேட்டால் கிடைப்பது அரிது.

இரண்டாவது, வண்டியோடு கூடவே ஒரு நல்ல மல்டிமீட்டர், மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர், ஹைட்ரோமீட்டர், உரிய அளவுள்ள பியூஸ்கள், உதிரிச் சுவிட்சுகள் ஆகியவை அடங்கிய ஒரு பெட்டி வாங்க வேண்டும். வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் இது யானைக்கு முன் வைத்த ஒரு பிடி அவல்.

மூன்றாவது, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குறிப்பேடு வேண்டும். தேதி, ஓடிய மணி, பழுதின் அறிகுறி, விளக்கின் எண், கண்ட காரணம், செய்த வேலை ஆகியவற்றை அன்றன்றே எழுத வேண்டும். மாதம் ஒருமுறை 24 செல்களின் அளவும் அதில் ஏற வேண்டும். வரவு செலவுப் பேரேடு இல்லாத சங்கத்தை நாம் நம்புவோமா? பழுதுப் பேரேடு இல்லாத கிடங்கும் அத்தகையதே.

நான்காவது, தனிச் சங்கம் ஒன்றால் இயலாததைப் பல சங்கங்கள் சேர்ந்து செய்யவேண்டும். நாமக்கல், சேலம் அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் எலக்ட்ரீஷியன் தொழில் கற்று வெளிவரும் நம் இளைஞர் சிலரை நான்கைந்து சங்கங்கள் கூடி அமர்த்தி, கல்வி நிதியிலிருந்து இவ்வண்டிகளுக்கான தனிப்பயிற்சி தரலாம். அவர்கள் போர்க்லிப்டோடு நிற்க மாட்டார்கள். பேட்டரித் தெளிப்பான், மின்சார ஆட்டோ, நீர் இறைக்கும் மோட்டார், விசைத்தறி ஆகிய அனைத்திலும் அதே வாய்க்கால்தான் ஓடுகிறது. அதே நடைதான் நடக்க வேண்டும்.

ஐந்தாவது, காவல் சுவிட்சை நேராக்கலாகாது, பியூஸுக்குக் கம்பி கட்டலாகாது என்ற இரண்டையும் சங்கத்தின் நிலையான தீர்மானமாக்கிக் கிடங்கின் வாயிலில் எழுதிவைக்க வேண்டும்.

கடன் கொடுத்தவரிடமும் தரகரிடமும் கைகட்டி நின்ற காலத்தை மாற்றவே நம் முன்னோர் சங்கம் கண்டனர். பணத்திற்காக நின்ற அந்தக் கைகள், இன்று ஒரு பியூஸுக்காகவும் ஒரு திருகுக்காகவும் வேறொருவர் வாயிலில் கட்டப்பட்டு நிற்கலாகாது. அடுத்த பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இப்பொருளும் இடம்பெறட்டும். எந்தச் சங்கம் முதலில் இதனைச் செய்து காட்டுகிறதோ அச்சங்கத்திடம் மற்றவை கற்றுக்கொள்ளட்டும்.